இருபத்திரண்டு மணி நேரத்துப் பிள்ளை

ஈரோட்டை ஒட்டிய காளியண்ணன் நகரில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதை, அவர் பெற்ற பிள்ளை விமானத்தில் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கொடுப்பார்கள். சாதியைக் கேட்பது அநாகரிகம், சம்பளத்தைக் கேட்பது அதைவிட அநாகரிகம், அவர்களெல்லாம் படித்தவர்கள், ஆகவே புதிதாகக் குடிவந்தவரைக் கண்டால் கையைக் குவித்து "பையன் எத்தனை மணி நேரமுங்க?" என்று மட்டும் கேட்பார்கள். துபாய், சிங்கப்பூர் என்று சொன்னவர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு உண்டான மரியாதை கிடைத்தது, அதாவது பூங்காவில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சு. லண்டன்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். புங்கமரத்து நிழலில் முதுகு சாய்த்துக்கொள்ள வசதியாகக் கட்டிய சிமெண்டுப் பெஞ்சு, அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு என்று எழுதாத சட்டமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தவர் தெய்வசிகாமணி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே பையன் நந்தகோபன் சியாட்டிலில் இருந்தான். இருபத்திரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, நடுவில் இறங்கிக் காத்திருக்கிற நேரத்தை அதில் சேர்க்கவில்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுவார். அதற்கு மேல் ஒருத்தன் தூரமாகப் போகவே முடியாது, போனால் பூமி உருண்டை என்பதால் அந்தப் பக்கமாகத் திரும்பி ஊருக்கு வருகிற மாதிரி ஆகிவிடும் என்று அவர் விளக்கும்போது லண்டன்காரர்கள் வேப்பங்காயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருப்பூரில் பையனை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்குப் பெஞ்சே கிடையாது. விமானமே போகாத ஊருக்கு எந்தக் கணக்கில் இடம் கொடுப்பது என்று தெரியாததால் அவர் நின்றுகொண்டே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

நந்தகோபன் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவன் தாய் ருக்மணிக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. யாராவது பையன் வரவில்லையா என்று கேட்டால், இருபத்திரண்டு மணி நேரமுங்க, கால் வீங்கிப் போகுமுங்க, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிங்க என்பாள், அந்தக் கைக்குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்ட பிறகும் அதையேதான் சொன்னாள். பெரியப்பா சாவுக்கு வராததற்கும் தூரம்தான் காரணம், அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது வராததற்கும் தூரம்தான் காரணம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மருமகளைப் போல அந்தத் தூரம் எல்லாப் பழியையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு குடும்பத்தைக் கௌரவமாக நடத்திக்கொண்டு வந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தூரம் போய்விட்டது. கோயமுத்தூரிலிருந்து கிளம்பி டெல்லியில் இறங்க வேண்டிய விமானம் மேலே ஏறியது, பணிப்பெண் இடைவாரை எப்படி மாட்டுவது என்று காட்ட ஆரம்பித்தாள், அவள் அதை மாட்டிக் காட்டி இன்னும் அவிழ்த்துக் காட்டவில்லை, அதற்குள் விமானம் சியாட்டிலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் வழக்கம்போல வண்டி நிற்கும் முன்பே எழுந்து நின்று பெட்டிகளை இறக்கினார்கள், டெல்லிக்குப் போக வேண்டியவர்கள் இது எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டார்கள், மற்றபடி ஒருவரும் அதிசயப்படவில்லை, சாப்பாடு போடாமல் இறக்கிவிட்டார்களே என்பதற்காக மட்டும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. திரும்பி வந்த விமானமும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தது. தூரம் போனதோடு பொழுதின் வித்தியாசமும் போயிற்று, ஒட்டிக்கிடக்கிற இரண்டு ஊர்களுக்குத் தனித்தனியாக உதிப்பானேன் என்று சூரியனும் ஒரே வேளையில் இரண்டுக்கும் வெளிச்சம் கொடுத்துவிட்டுப் போனது. லண்டன் அங்கேயே இருந்தது, துபாய் அங்கேயே இருந்தது, சியாட்டில் ஒன்றுதான் கிட்டே வந்திருந்தது.

ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. ஆளுங்கட்சி அதைத் தன் சாதனை என்று சுவரில் எழுதியது, எதிர்க்கட்சி அந்த வேலையைத் தங்கள் ஆட்சியிலேயே ஆரம்பித்துவிட்டோம் என்று அறிக்கை விட்டது. டெல்லியிலிருந்து வந்த விஞ்ஞானிகள் மூன்று முறை போய்வந்து அளந்து பார்த்து, தூரம் பழையபடியே இருக்கிறது, ஆனால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கொடிவேரி அணையில் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஜனங்கள் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். சியாட்டில் போவது கஷ்டமில்லை, ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதுதான் கஷ்டம் என்றார்கள். பருப்புப் பொடியும் முறுக்கும் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கூரியர்க்காரர் போர்டைக் கழற்றிவிட்டு வாடகைக் கார் ஓட்டப் போனார். கல்யாணத் தரகர்கள் சியாட்டில் மாப்பிள்ளைகளின் ஜாதகங்களை எடுத்துப் பெருந்துறை, பவானி மாப்பிள்ளைகளின் கட்டுக்குள் செருகினார்கள். போய்வந்தவர்கள் மட்டும் கழுத்தில் தலையணை மாட்டிக்கொண்டு, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, இன்னும் தூக்கம் சரியாகவில்லை என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டே திரிந்தார்கள்.

தூரம் போன மறுநாளே நடைப்பயிற்சிக்குப் போன தெய்வசிகாமணி தன் பெஞ்சின் நடுவில் மரகதம் டீச்சர் உட்கார்ந்திருக்கக் கண்டார். அந்த அம்மாளின் பையன் துபாயில் இருந்தான், லண்டன்காரர்கள் வேப்பமர நிழலை விட்டு எழுந்திருக்காததால் அவர் முந்திக்கொண்டார். நாலு மணி நேரம் நாலு மணி நேரமாகவே இருக்க, இருபத்திரண்டு மணி நேரம் ஒரு டீயாகச் சுருங்கிவிட்டதால், சட்டப்படி தெய்வசிகாமணிக்கு இனி நாச்சிமுத்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. டீச்சர் நல்லவர்தான், கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தார். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் உட்கார தெய்வசிகாமணிக்கு மனம் வரவில்லை. பெஞ்சு என்ன பெஞ்சு, இனி பையனே வாராவாரம் வீட்டுக்கு வரப்போகிறான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு இனி அவனுக்கு இங்கேதான் என்று எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். சொன்னது பெருமையாலா ஆசையாலா என்று அவருக்கே தெரியாது. பையனை மேசைக்கு எதிரே உட்கார வைத்து அவன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆறு வருஷமாக அவர் மனசில் ஓர் ஏக்கம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் இருபத்திரண்டு மணி நேரத்துக்குக் கௌரவக் குறைவு.

முதல் ஞாயிற்றுக்கிழமை ருக்மணி விடிவதற்குள் எழுந்து இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்தாள், நாட்டுக்கோழி வறுத்தாள், அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கினாள், அவனுக்குப் பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு பிடிக்கும் என்று அதையும் சுட்டு அடுக்கினாள். பத்து மணிக்கு நந்தகோபன் போன் செய்து, ஆபீசில் ஒரு அவசர வேலை என்றான். இரண்டாம் ஞாயிறு பேத்திக்கு நீச்சல் வகுப்பு. மூன்றாம் ஞாயிறு அவன் வீட்டுப் புல்லை வெட்ட வேண்டியிருந்தது, அந்த ஊரில் புல்லை வெட்டாவிட்டால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்துவிடுவார்களாம். நான்காம் ஞாயிறு அவன் உண்மையிலேயே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். ஆனால் சியாட்டிலிலிருந்து கோயமுத்தூருக்கு வருவது பெரிசில்லை, அங்கிருந்து அவிநாசி ரோட்டில் ஊர்ந்து ஈரோட்டுக்கு வருவதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது என்று சொல்லி, அதற்குப் பின் தெய்வசிகாமணி வாழ்நாள் முழுக்க மறக்காத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

"அவசரம் என்னங்கப்பா, இப்பப் பக்கத்துலதானே இருக்கறோம். எப்ப வேணும்னாலும் வரலாமுங்க."

அந்த வார்த்தையை மறுநாள் காலையில் தெய்வசிகாமணி சொல்லாமலேயே நாச்சிமுத்து கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அது புதுசில்லை. திருப்பூர்ப் பையன் அதே வார்த்தையை எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், பொங்கலுக்குச் சொன்னான், தீபாவளிக்குச் சொன்னான், அப்பனுக்கு நெஞ்சு வலி வந்து பெருந்துறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அதைச் சொல்லிவிட்டு, பிறகு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நாச்சிமுத்து அதைக் கோபமில்லாமல் சொன்னார். "வாங்க, இப்படி நில்லுங்க. பக்கத்துல இருக்கறவன் வரமாட்டானுங்க. வரலீன்னாலும் நாம யார்கிட்டச் சொல்றது?" என்று தான் நிற்கிற இடத்தில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். தெய்வசிகாமணிக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த நகரில் சியாட்டில் பெற்றோர் ஏழெட்டுக் குடும்பம் இருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் கோழி மீந்துபோனது, எல்லோரும் திங்கட்கிழமை அதைச் சுடவைத்துத் தின்றார்கள், ஒருவரும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. பையன் வந்தானா என்று கேட்டால், வந்துவிட்டு உடனே போய்விட்டான், நீங்கள் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் வந்தான் என்றார்கள். டீ குடிக்கிற நேரத்தில் வந்துவிடலாம் என்றால், டீ குடிக்கிற நேரத்தில் வந்துபோனதாகப் பொய் சொல்லவும் வசதியாக இருந்தது. ஆனால் பொய்யை வாராவாரம் சொல்ல முடியுமா, அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. கடைசியில் ஒருநாள் தெய்வசிகாமணி வீட்டு மொட்டைமாடியில் எல்லோரும் கூடி, வாயைத் திறந்து பேசாமலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. தலைமுறையாகத் தங்கள் குடும்பங்களின் அனுபவத்தில் இருந்துவந்த தூரம் முன்னறிவிப்பின்றி அகற்றப்பட்டுவிட்டதென்றும், அதனால் விமானச் சத்தம் அதிகமாகிக் கன்றுகாலிகள் மிரள்வதாகவும், பொதுநலன் கருதி அதை இருந்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டுமென்றும் தெய்வசிகாமணியே அழகான அரசாங்கத் தமிழில் எழுதினார். காளியண்ணன் நகரில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ருக்மணி மட்டும் போடமாட்டேன் என்றாள். கேட்காமல் கிடைத்ததை எதற்குத் திருப்பிக் கொடுப்பது, அவன் வராவிட்டால் என்ன, நான் போய்வருகிறேன் என்றாள். பேத்தி பிறந்தபோது பிரசவம் பார்க்கப் போவதற்காக வாங்கிய விசா அவளிடம் இன்னும் உயிரோடு இருந்தது. தெய்வசிகாமணிக்கும் விசா இருந்தது, ஆனால் கூப்பிடாத வீட்டுக்குப் பெற்றவன் போவதா என்று அவர் வீம்பு பிடித்தார். உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது. போகாதவரைக்கும் பையன் வேலையாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு இருக்கலாம்.

ஐந்தாம் ஞாயிறு ருக்மணி கோழி வறுத்து, ஒப்பிட்டு சுட்டு, நாலடுக்குத் தூக்குப்போசியில் எல்லாவற்றையும் சூடாக அடுக்கி, பழைய கூரியர்க்காரரின் காரில் ஏறிக் கோயமுத்தூர் போனாள். கருமத்தம்பட்டியைத் தாண்டுவதற்கு ஆன நேரத்தில் நாலுமுறை சியாட்டில் போய்வந்திருக்கலாம் என்று டிரைவர் சொன்னார். தெய்வசிகாமணி மொட்டைமாடியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்நேரம் இறங்கியிருப்பாள், இந்நேரம் கதவைத் தட்டியிருப்பாள், இந்நேரம் அவன் அடுக்கைத் திறந்து மோந்து பார்த்திருப்பான் என்று நினைக்க நினைக்க அவருக்கே பசி எடுத்தது. தானும் கூடப் போயிருக்கலாம் என்று ஒரு கணம் வாய்விட்டே வருத்தப்பட்டார்.

பொழுது சாய்வதற்குள் அவள் திரும்பி வந்தாள். தூக்குப்போசி அப்படியே கனமாக இருந்தது. அவள் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய், கோழியைச் சுடவைத்து, அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். வீட்டில் அவன் இல்லையா என்று அவர் கேட்டார். இருந்தான் என்றாள். பேத்தி என்ன சொன்னாள் என்றார். அது நீச்சலுக்குப் போயிருந்தது என்றாள். எப்படி இருக்கிறான் என்றதற்கு நன்றாகத்தான் இருக்கிறான், கொஞ்சம் பருத்திருக்கிறான் என்றாள். மறுநாள் காலை அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அந்த மனு எங்கே என்று கேட்டு வாங்கி, எல்லோருக்கும் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கலெக்டர் ஆபீசில் மனுவை மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அது நெடுஞ்சாலைத் துறைக்குப் போயிற்று. தூரம் சாலை வழியாக இருந்தால் மட்டுமே தங்கள் பொறுப்பு என்று அவர்கள் வருவாய்த் துறைக்கு அனுப்பினார்கள், வருவாய்த் துறையோ காணாமல் போன தூரத்துக்குப் பட்டா உள்ளதா என்று திருப்பிக் கேட்டது. அரசாங்கம் கைவிட்ட பிறகு ஆத்தாளைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று சியாட்டில் பெற்றோர்கள் எல்லாம் ஒட்டுக்காகச் சேர்ந்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணி உடுத்தி, காவிரியில் தீர்த்தக்குடம் எடுத்து வந்தார்கள். பிள்ளைகள் ஊர் திரும்ப வேண்டும் என்று காலம்காலமாகக் கேட்டுப் பழகிய ஆத்தாளுக்கு, பிள்ளைகள் ஊரைத் தள்ளிவை என்ற வேண்டுதல் புதுசாகத்தான் இருந்திருக்கும். பூசாரி அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு அப்புறம்தான் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

தூரம் ஒரு வியாழக்கிழமை திரும்பி வந்தது. கோயமுத்தூரில் கிளம்பிய விமானம் பணிப்பெண் எல்லாவற்றையும் மாட்டியும் அவிழ்த்தும் காட்டி முடித்த பிறகும் பறந்துகொண்டே இருந்து டெல்லியில் இறங்கியது, டெல்லிக்கென்றே ஏறியவர்கள்கூட ஏமாந்துபோனார்கள். அன்று இங்கே மத்தியானமாக இருக்கும்போது சியாட்டிலில் நடுச்சாமம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. காளியண்ணன் நகரில் சர்க்கரைப்பொங்கல் வைத்தார்கள். மாரியம்மன் கோயிலின் புகழ் பரவி, பெங்களூரிலும் சென்னையிலும் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் கார் போட்டு வந்து, எங்கள் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தூரம் கொடு தாயே என்று தொட்டில் கட்டினார்கள். மரகதம் டீச்சர் யாரும் சொல்லாமலேயே குப்பைத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். சியாட்டில்காரர்கள் ஒவ்வொருவரும், பையன் அந்த வாரம்தான் கிளம்புவதாக இருந்தான், பெட்டியெல்லாம் கட்டிவிட்டான், அதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இந்த முறை ஒருவரும் அதை நம்பாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நந்தகோபன் போன் செய்தான். தெய்வசிகாமணி ருக்மணிக்கும் கேட்க வேண்டும் என்று சத்தத்தைத் திறந்துவைத்தார். பையனின் குரலில் ஆறு வருஷமாக இல்லாத ஒரு பாசம் வழிந்தது. "இந்த வாரம் கண்டிப்பா வரலாம்னு இருந்தேனுங்கப்பா, லீவுகூடச் சொல்லிட்டேன். பாருங்க, மறுபடியும் இருபத்திரண்டு மணி நேரம் ஆயிருச்சு" என்றான். தெய்வசிகாமணி உருகிப்போனார். உடம்பைப் பார்த்துக்கொள் சாமி என்றார், இத்தனை தூரத்தில் நீ என்னதான் செய்வாய் என்றார், ருக்மணி பக்கம் போனை நீட்டினார். அவளும் வாங்கி, அதனாலென்ன கண்ணு, வேளாவேளைக்குச் சாப்பிடு, இத்தனை தூரம் யாரால் வர முடியும் என்று அன்பாகச் சொல்லி வைத்தாள்.

தெய்வசிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினார். பாவம், லீவெல்லாம் சொல்லியிருக்கிறான், இன்னும் ஒரே வாரம் அந்தத் தூரம் வராமல் இருந்திருந்தால் நேரில் பார்த்திருக்கலாம், நாமும் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொத்தானைப் போட்டுக்கொண்டே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நிஜம், அவருடைய கண்கூடக் கலங்கியிருந்தது. ருக்மணி அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்.

"அன்னைக்குக் கதவைத் தொறந்து என்னையப் பார்த்ததும், 'அப்பா போயிட்டாருங்களா'ன்னுதானுங்க மொதல்ல கேட்டான்."

அவர் கை பொத்தானிலேயே நின்றது. நீ என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"இல்லீங் கண்ணு, நல்லாருக்கறாருன்னேன். 'அப்பறம் எதுக்கும்மா வந்தீங்க'ன்னான்."

அவள் கழுநீரைச் சாய்த்துவிட்டு அரிசியை உலையில் போட்டாள். இரண்டு பேருக்கு மட்டும்தான் போட்டாள்.